பாண்டீஸ்வரி சுட்ட மூடிக்கறி

போடியில் வெண்ணெய் அரை மணி நேரம்கூடக் கெட்டியாக நிற்காது. பாண்டீஸ்வரிக்கு இருந்த பெரிய தொல்லை அதுதான். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாகப் போட்டு, விரல் நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்ட வேண்டும். வெண்ணெய் உருகாமல் மாவுக்குள் துண்டு துண்டாக நின்றால்தான் வேகும்போது மேல்மூடி அடுக்கடுக்காகப் பொரிந்து எழும்பும். உருகிவிட்டால் பல்லை உடைக்கும் ரொட்டிதான் மிச்சம். அவள் வீட்டு அடுப்படியிலோ காலை எட்டு மணிக்கே கழுத்தில் வியர்வை வழியும். பிரிட்ஜிலிருந்து எடுத்த மாவு, பூரிக்கட்டை படுவதற்குள் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு அவள் கண்ட வழி, மாவை மலைக்கு ஏற்றிவிடுவது.

அவள் கணவன் சின்ராசு தினமும் விடிகாலையில் போடியிலிருந்து ஏலத் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவன். செவ்வாயும் வெள்ளியும் பாதி ஊர் கறி தின்னாது. அந்த இரண்டு நாளும் அவளுக்கு அடுப்புச் சோலி இல்லை. மைதாவையும் வெண்ணெயையும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிடுவாள். பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டில் இறங்கும்போது பல் கிட்டும் குளிர். அங்கே டீக்கடை வைத்திருக்கும் செல்லத்தாயின் பின்கட்டில் ஒரு கடப்பைக் கல் உண்டு. அது எப்போதும் ஐஸ் மாதிரி இருக்கும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து போக, அந்தக் கல்லில் மாவைத் தேய்த்து, அடித்தட்டு ஒன்று, மேல்மூடி ஒன்று என வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் பிளாஸ்டிக் தாள் விரித்து அடுக்குவாள். மத்தியானப் பஸ்சில் கீழே இறங்கி நேரே பிரிட்ஜ். புதனும் சனியும் சுட்டு, ஜீப்பில் போகிற தோட்டத்து ஆட்களுக்கு விற்பாள்.

இதைச் செய்யக் கற்றது சிங்கப்பூரில். கல்யாணமான மறு வருஷமே கடனை அடைக்க வீட்டு வேலைக்கு என்று போனவள், ஒரு நியூசிலாந்துக்காரக் குடும்பத்தில் ஒன்பது வருஷம் இருந்தாள். அந்த மேடத்துக்கு ஞாயிறு என்றால் இந்தப் பலகாரம் வேண்டும். உள்ளே கொத்துக்கறி, மேலே மொறுமொறுப்பான மூடி. நான் பிழைக்கப் போயிருக்கும் மெல்பர்னில் இது பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கும். அங்கே இதற்குப் பெயர் பை. போடியில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் மஞ்சப்பையைத்தான் நினைத்தார்கள். ஜீப்பில் போகிற பெண்கள் கொஞ்ச நாள் ‘சிங்கப்பூர் பப்ஸ்’ என்றார்கள். பிறகு அவர்களாகவே ‘மூடிக்கறி’ என்று வைத்துக்கொண்டார்கள். கறி இல்லாததற்குக் ‘காய் மூடி’.

கறி மூடியில் ஆட்டுக்கறியைப் பொடியாகக் கொத்தி, சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு, சீரகம் போட்டுச் சுருள வதக்கி வைப்பாள். காய் மூடியில் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணியோடு மலைச் சௌசௌ. இரண்டிலும் ஒற்றை ஏலக்காய், தோலோடு தட்டிப்போட்டது. அது மேடம் சொல்லித் தந்ததில்லை. அடுப்பு, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த ஒரு தகர டிரம். கீழே கரி, நடுவில் கம்பித் தட்டு, மேலே மூடி, மூடியின் மேலும் கரி. பார்த்தால் பயமாக இருக்கும். எனக்கு இருந்தது. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அவள் அதைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் நான் இரண்டடி பின்னால் போனேன்.

மலையில் இதை எப்படித் தின்றார்கள் என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் சின்ராசு சொல்லித்தான் தெரிந்தது. மூடியை உடைத்துத் தனியாக வைத்துக்கொள்வார்களாம். உள்ளே இருக்கிற கறியைத் தூக்குச்சட்டிச் சோற்றில் போட்டுப் பிசைவார்களாம். மூடியை அப்பளம் மாதிரி கடித்துக்கொள்வார்களாம். அன்று அவள் கோபத்தில் சாப்பிடவில்லை. மறு வாரம் ராக்கையா என்கிற தோட்டத்து ஆள் வீட்டு வாசலில் நின்று, மூடி மட்டும் தனியாக நாலு கிடைக்குமா என்று கேட்டபோது சிரித்துவிட்டாள். சுட்டும் கொடுத்தாள்.

இந்த மாசியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர்கள் மகள் மிதுனாவுக்குக் காதுகுத்து. ஐந்து வயது. மலையடிவாரத்துக் கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டு. சின்ராசு என்னோடு ஆறாவதிலிருந்து ஒன்றாகப் படித்தவன். கட்டாயம் வர வேண்டும் என்று விமான டிக்கெட்டை மாற்ற வைத்தான். வந்து பார்த்தால், புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் வீரணன்.

வீரணன் பாண்டீஸ்வரியின் அண்ணன். பூப்பாறைக்கு அந்தப்பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர். முப்பது வருஷம் அங்கே இருந்ததில் பாதி மலையாளம் ஆகிவிட்டவர். ஏழு வருஷத்துக்கு முன்னால், தங்கை சிங்கப்பூரிலிருந்து வந்து கட்டிய வீட்டின் பால்காய்ப்பு விருந்தில் அவருக்கு ஒரு குறை நேர்ந்தது. கறி பரிமாறியது சின்ராசுவின் பெரியப்பா. நல்லி எலும்பு போனது அவர் பங்காளி ஒருவரின் இலைக்கு. பிறந்த வீட்டுச் சீரோடு வந்து உட்கார்ந்திருந்த வீரணன் இலையில் விழுந்தது கழுத்தெலும்பு. அவர் சத்தம் போடவில்லை. ‘மதி’ என்று மட்டும் சொன்னார், போதும் என்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவி, பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு செய்முறையில் அவர் குறை வைத்ததில்லை. மிதுனா பிறந்தபோது வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார். பொங்கல் சீர் தவறாமல் வந்தது. ஆனால் தங்கை வீட்டில் ஒரு வாய்ப் பச்சத்தண்ணிகூடக் குடித்ததில்லை. வாசலிலேயே நின்று, பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, ‘ஜீப்பு நிக்குது’ என்று போய்விடுவார். ஏழு வருஷம். பாண்டீஸ்வரி அதைப் பற்றி அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் வருகிற நாளில் எல்லாம் அவள் எதையாவது சமைத்து மூடி வைத்திருப்பாள் என்றும், அவர் போன பிறகு அதை யாரும் தொடக்கூடாது என்றும் சின்ராசு சொன்னான்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். வருகிறேன் என்று வீரணன் சொல்லியனுப்பியிருந்தார். இந்தத் தடவை அவர் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அவள் யோசித்து வைத்திருந்த வழிதான் சண்டைக்குக் காரணம். குழம்பு வைத்தால்தானே இவனுக்கு நல்லி, அவனுக்குக் கழுத்து என்று பேச்சு வரும்? கிடாக்கறி முழுவதையும் கொத்திவிடலாம். ஆளுக்கு ஒரு மூடிக்கறி, எல்லாம் ஒரே அளவு. எலும்பு மொத்தமும் சாறுக்குப் போகட்டும். இலையில் சோறு, சாறு, மூடிக்கறி, தயிர். யாருக்கும் யாரைவிடவும் கூட இல்லை, குறைவில்லை.

சின்ராசு இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தான்.

“மூடி போட்டு வச்சா, மச்சானுக்கு என்ன வச்சோம்னு எவனுக்குத் தெரியும்?”

“அதுக்குத்தானய்யா மூடியே.”

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அதனால் இரண்டு பேரிடமும் ஆமாம் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை அவள் மலை ஏறி நூறு அடித்தட்டும் நூறு மூடியும் தேய்த்தாள். செல்லத்தாயும் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கூட உட்கார்ந்து வட்டம் வெட்டினாள். அத்தனையும் கீழே கெடாமல் வந்து, மறுநாள் கோயில் வரை தாங்க வேண்டும். வீட்டு பிரிட்ஜ் போதாது. சின்ராசு பேசாமல் போய், மீன் விற்கும் முத்துக்கண்ணனிடம் அவருடைய பெரிய ஐஸ் பெட்டியை வாங்கிவந்தான். பாண்டீஸ்வரி அதைப் புளி போட்டு ஒரு தடவை, எலுமிச்சை போட்டு ஒரு தடவை, சாம்பல் போட்டு ஒரு தடவை தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். வெண்ணெய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சைதான் மணத்தது. இருந்தாலும் இன்னொரு தடவை முகர்ந்தேன்.

ஞாயிறு காலை ஜீப்பில் டிரம் அடுப்பு, பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கிய இன்னொரு டிரம், ஐஸ் பெட்டி, கரி மூட்டை எல்லாம் ஏறின. கோயிலை ஒட்டி ஒரு பெரிய புளிய மரம். அதன் நிழலில் அடுப்புகளை இறக்கினார்கள். கிடா வெட்டி, கறி வந்து, கொத்தி, வதக்கி முடிக்க ஒன்பது மணி ஆனது. எலும்புகள் ஒரு அண்டாவில் கொதித்தன. முதல் ஈடு வெளியே வந்தபோது, மூடிகள் பொன் நிறத்தில் உப்பி, ஓரத்தில் கறிச்சாறு கசிந்து குமிழியிட்டது. மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டீஸ்வரி ஒன்றை உடைத்து, ஊதி, ஓரத்தைக் கடித்துப் பார்த்துத் தலையசைத்தாள். அன்று அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பத்தரைக்கு வீரணன் வந்தார். சீர்த்தட்டு ஒன்பது. கூடவே தோட்டத்து ஆட்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் மலையாளிகள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தங்கையைப் பார்த்து, சௌக்கியமா என்று கேட்டதோடு சரி. மடியில் மிதுனாவை உட்கார வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். குத்தி முடித்துத் தோடு போட்ட பிறகும் மடியை விட்டு அவளை இறக்கவில்லை.

அவர் மனைவி சோலையம்மாள் மட்டும் நேராகப் புளிய மரத்தடிக்கு வந்தார். நாலாவது ஈடு வெந்துகொண்டிருந்தது. தட்டுகளைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், கொத்தி வைத்த கறியைப் பார்த்தார்.

“ஏ பாண்டீசு, முழுக் கறியவுமா கொத்திட்ட?”

“ஆமா மதினி. எல்லாருக்கும் ஒண்ணுபோல.”

சோலையம்மாள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பத்து நாளாகத் தோட்டத்தில் நடப்பதைத் தணிந்த குரலில் சொன்னார். வீரணன் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்: என் தங்கச்சி இந்தத் தடவை ஊர் பார்க்க என் இலையில் நல்லி வைப்பாள், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று. அந்த ஐந்து பேரும் காதுகுத்துக்கு வந்தவர்கள் இல்லை. அதைப் பார்க்க வந்தவர்கள்.

“எல்லாருக்கும் ஒண்ணுபோல வச்சா, எங்க ஊட்டுக்காரருக்குன்னு வச்சது எதுத்தா?” என்றார்.

பாண்டீஸ்வரி கையில் இருந்த சாக்கைக் கீழே வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். குறை வந்துவிடக் கூடாது என்று அவள் நூறு மூடி போட்டிருந்தாள். இப்போது அந்த நூறு மூடிதான் குறை. அங்கே பாய் விரித்துவிட்டார்கள். இலை நறுக்குகிற சத்தம் கேட்டது. சின்ராசு வந்து நின்றான். நான் சொன்னேனா இல்லையா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“என்ன செய்யணும், சொல்லு” என்றான்.

“பந்தியக் கொஞ்சம் தாமசமாக்கு.”

அவன் போய், பூசாரியிடம் இன்னொரு தீபாராதனை காட்டச் சொன்னான்.

அண்டாவுக்குள் நீளக் கரண்டியை விட்டு அவள் துழாவினாள். கால் எலும்பு ஒன்று வந்தது. இலையில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். உள்ளே வெறும் குழல். மஜ்ஜை கரைந்து சாறோடு போயிருந்தது. அடுத்தது விலா. அடுத்தது கழுத்து, அதைப் பார்த்ததும் சோலையம்மாள் “அத உள்ளயே போடு” என்றார். நாலாவது தடவை அடியோடு வாரினாள். பின்னங்கால் நல்லி ஒன்று வந்தது, ஒரு முனை கறி மூடியபடி. கத்தி முனையால் லேசாகக் குத்தினாள். உள்ளே கெட்டியாக, வெண்ணெய் நிறத்தில் இருந்தது.

சமையலுக்கு ஒத்தாசை செய்தவர்கள் தின்ன என்று, ஆழமான அலுமினியத் தட்டு ஒன்றில் பெரிய மூடிக்கறி ஒன்றை அவள் செய்து வைத்திருந்தாள். இன்னும் சுடவில்லை. மேல்மூடியின் நடுவில் கத்தியால் வட்டமாக ஒரு துளை போட்டாள். நல்லியை நட்டமாக அதில் இறக்கினாள். சாயாமல் நிற்க, சுற்றிலும் மாவால் ஒரு வளையம் கட்டினாள். அப்படியே டிரம்முக்குள் வைத்து மூடி, மேலே கூடுதலாக இரண்டு அகப்பை கரி அள்ளிப் போட்டாள். டிரம் மூடியில் எலும்பு இடிக்குமோ என்று நான் கேட்டேன். இடிக்காது என்றாள். பிறகு, இடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

பூசாரி மூன்றாவது முறையும் தீபம் காட்டிவிட்டு, இனி சூடம் இல்லை என்று சொல்லியனுப்பினார். பந்தி உட்கார்ந்தது. சோறு விழுந்தது, சாறு விழுந்தது, ஒவ்வொரு இலையிலும் ஒரு மூடிக்கறி வந்து உட்கார்ந்தது. வீரணன் வரிசையின் முதல் இலையில் இருந்தார். அவர் இலையில் மட்டும் சின்ராசு மூடிக்கறி வைக்க விடவில்லை. வெறும் சோற்றைப் பார்த்தபடி வீரணன் உட்கார்ந்திருந்தார். அவர் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார்.

பாண்டீஸ்வரி தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பந்தியின் அந்தக் கடைசியிலிருந்து வந்தாள். பொன்னிறத்தில் உப்பிய மூடி. நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு நல்லி. அதைச் சுற்றியிருந்த இடுக்கு வழியாக ஆவி மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் கடக்கக் கடக்க இரண்டு பக்கமும் தலைகள் நிமிர்ந்தன. அண்ணன் இலைக்கு முன்னால் தட்டை இறக்கி வைத்தாள்.

மலையாளி ஒருவர்தான் ஆரம்பித்தார்.

“இதெந்தா வீரணா, புகைக்குழலோ?”

பந்தி முழுக்கச் சிரித்தது. கேலி தாங்காமல் வீரணன் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். பாண்டீஸ்வரி தலை குனிந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

வீரணன் சிரிப்பு அடங்கும்வரை பார்த்திருந்தார். பிறகு அந்த ஆளின் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

“எங்க வீட்டுல தாய்மாமனுக்கு இப்பிடித்தாம்ப்பா வைப்பாங்க. ஒங்க பக்கம் வழக்கமில்லயோ?”

அரை மணி நேரத்துக்கு முன்னால் பிறந்த வழக்கம். அந்த ஆள் இல்லை என்று தலையாட்டினார். பக்கத்து இலைக்காரரும் என்னவோ தெரிந்தவர் மாதிரி, ஆமாம், அது உண்டு என்றார். சோலையம்மாள் மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

வீரணன் நல்லியைப் பிடுங்கினார். சுட்டது, கை மாற்றினார். மிதுனாவைக் கூப்பிட்டுத் தொடையில் உட்கார வைத்து, எலும்பை உள்ளங்கையில் தட்டி, விழுந்ததில் பாதியை ஊதி அவள் வாயில் வைத்தார். காதுவலி மறந்து அவள் இன்னும் கேட்டாள். மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மூடியைப் பிய்த்துக் கறியைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெரிய தட்டில் முக்கால்வாசியை, பக்கத்து இலைக்காரர் கை நீட்டும்வரை, அவரே முடித்தார்.

சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள்.

“மிளகு பத்தல” என்றார்.

“இங்க கடையில வாங்குனதுண்ணே. காரமே இல்ல.”

“தோட்டத்து மிளகு கெடக்கு. அடுத்த வாரம் வீட்டுக்குக் கொண்டாறேன்.” டிரம்மைப் பார்த்தார். “அந்தக் காய் வச்சதும் செஞ்சியாமே. அது இருந்தா ஒண்ணு குடு, பாப்போம்.”

கறி தின்னாதவர்களுக்கு என்று அவள் கொஞ்சம் போட்டிருந்த காய் மூடி எல்லாம் தீர்ந்திருந்தது. முதல் பந்தியில் கறி தின்றவர்களும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அவள் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் முழுக்கத் தண்ணீர். அடியில் இரண்டு அடித்தட்டும் மூன்று மூடியும் இருந்தன. ஓரம் லேசாக இளகியிருந்தாலும் நடுவில் இன்னும் குளிர்ச்சி. காய் ஒரு கிண்ணம் மிச்சமிருந்தது.

“சுட்டுத் தர்றேண்ணே. அரை மணி நேரம் ஆகும்.”

சாலையில் அவருடைய ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள். இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும் என்று டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பனி இறங்கிவிட்டால் அந்த வளைவுகளில் என்ன ஆகும் என்று எனக்கே கவலை பிடித்துக்கொண்டது.

வீரணன் ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார், இருங்கடா என்று. பிறகு சின்ராசு போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை டிரம்முக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஆகட்டும்” என்றார்.

பாண்டீஸ்வரி மாவைக் கையில் எடுத்தாள்.